செய்பவன் இல்லை என்றால் நட்டஈடு யார் கொடுப்பது?

2023 அக்டோபர் 28, கல்லடி வாசகர் ஒருவரின் கேள்வி

கொஞ்சக் காலமாக அத்வைதம் வாசிக்கிறேன். இருப்பது ஒன்றே, செய்கிறவன் என்று தனியாக ஒருவனும் இல்லை, செயல் நடக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் பாவம், குற்றம், பொறுப்பு எல்லாம் நாமே கட்டிய கதை. என் தங்கையின் கணவர் அவளுடைய காப்புகளை அடகு வைத்துக் குடித்துவிட்டார். ஆத்திரம் வரும்போதெல்லாம் "மச்சான் செய்யவில்லை, நடந்தது" என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். மனம் அடங்குகிறது. அதையே தங்கைக்கும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தத்துவம் பிழையா, தங்கைக்கு விளங்கவில்லையா?

அக்டோபர் 28, இரவு

தங்கைக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது. மீதி நாளை. இங்கே இடி முழங்குகிறது, மின்சாரம் எந்த நேரமும் போகலாம்.

அக்டோபர் 29

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பக்கத்து மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை. சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வார்கள், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். வார இறுதியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சிறு பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருப்போம்.

ஒரு பெரும்போகத்தில் வந்த பிணக்கைச் சொல்கிறேன். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். குடலைப் பருவத்தில் நின்ற வேளாண்மைக்குள் இரவோடிரவாக மாடுகள் இறங்கிவிட்டன. மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அகற்றவேண்டிய திகதி, போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லப்பட்டதுதான். மாட்டுக்காரர் சொன்னார்: "திகதிக்கு முன்பே அனுப்பிவிட்டேன். அங்கே யானை வந்து பட்டியைக் கலைத்தது. மாடுகள் பழகிய பாதையில் திரும்பிவிட்டன. மேய்க்கிற பையனுக்குக் காய்ச்சல்." யானை ஏன் வந்தது என்று கேட்டால் அதற்கொரு கதை, காடு வெட்டிய கதை. இடையில் வயல்களின் நீரையும் ஒழுங்கையும் பார்க்கும் வட்டவிதானை, வயல் வேலியும் விழுந்துதான் கிடந்தது, அதைக் கட்டவேண்டியவர்கள் வயல்காரர்கள் என்றார். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் அந்தப் பயிரை அழித்தவர் என்று ஒருவரையும் பிடிக்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு வேதாந்த வகுப்பு நினைவுக்கு வந்தது.

வயல்காரர் ஒரு பொலித்தீன் பை கொண்டுவந்திருந்தார். அதற்குள் பிடுங்கிய பயிர். பாதியில் கடிபட்டு, இன்னும் வெளிவராத கதிர் உள்ளே வெள்ளையாக, ஈரமாகத் தெரிந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மாட்டோடும் கோபமில்லை, இவரோடும் கோபமில்லை. அறுவடைக்கு எனக்குக் குறையும் மூடையை யார் தருவது?"

அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. மாட்டுக்காரர் அறுவடையில் நெல்லாகத் தருவது, வேலியை இரு தரப்பும் சேர்ந்து கட்டுவது என்று முடிந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. கடன்காரர் இருந்தார்.

கல்லடி வாசகர் செய்தது என்னவென்றால், கோபத்தைத் தள்ளுபடி செய்யும்போது கடனையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிட்டார். அதுவும் காப்புக்குச் சொந்தக்காரி முன்னாலேயே.

அக்டோபர் 31

"எல்லாம் பிரம்மம் என்று ஒருவர் உங்கள் சபைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். பிரம்மத்தின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குவோம்.

நவம்பர் 1

நேற்றைய பகிடியில் ஒருவருக்கு வருத்தம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், பதினேழாம் சுலோகத்தைக் காட்டுகிறார்: அகங்கார எண்ணம் அற்றவன், புத்தி எதிலும் ஒட்டாதவன், இவ்வுலகத்தாரைக் கொன்றாலும் கொன்றவன் ஆகமாட்டான். இதற்கு என்ன பதில் என்கிறார்.

சுலோகத்தின் முதற்பாதிதான் பதில். அது ஒரு நிபந்தனை. அதைத் தாண்டி நேராக இரண்டாம் பாதிக்கு ஓடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "நான் செய்யவில்லை" என்று ஒருவர் குரலை உயர்த்தும்போது அந்த வாக்கியத்தில் மிகச் சத்தமாகக் கேட்பது "நான்"தான். அகங்காரம் போனவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம் எதற்கு?

இந்தத் தந்திரம் புதியதும் இல்லை. சங்கரரின் சீடர் சுரேசுவரருக்கே இது தெரிந்திருக்கிறது. நைஷ்கர்ம்யசித்தியில் அவர் ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறார்: அத்வைதம் அறிந்தவன் மனம்போனபடி நடக்கலாம் என்றால், அசுத்தத்தைத் தின்பதில் ஞானிக்கும் நாய்க்கும் என்ன வேறுபாடு? அத்வைதி ஒருவரே தன் வீட்டுக்குள் கேட்ட கேள்வி இது. வெளியாள் வந்து கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நடைமுறை நிலை, பரமார்த்த (இறுதி உண்மை) நிலை என்று இரண்டு தளம் பிரித்துப் பேசுவதை நான் மறுக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது மேல்தளத்துக்கு ஏறிவிடுகிறவர், சம்பள நாளில் மட்டும் எப்படித் தவறாமல் கீழே இறங்கி வருகிறார்?

நவம்பர் 4

வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு தம்பி விஞ்ஞானத்தை இழுத்து வந்திருக்கிறார். பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டுச் சோதனை. விரும்பிய நேரத்தில் கையை அசைக்கச் சொன்னார்கள். அசைவுக்கு ஏறத்தாழ அரை விநாடிக்கு முன்பே மூளையில் மின் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. "அசைக்கப் போகிறேன்" என்ற உணர்வு வருவதோ அசைவுக்கு ஏறத்தாழ 0.2 விநாடிக்கு முன்புதான். ஆகவே முடிவெடுத்தது நீங்கள் இல்லை, மூளை முன்கூட்டியே எடுத்துவிட்டது என்கிறார் தம்பி.

அதே லிபெட், அந்தக் கடைசிக் கணத்தில் மனிதன் "வேண்டாம்" என்று நிறுத்தலாம் என்றும் சொன்னவர். 2012இல் ஷுர்கரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அந்த மின் ஆயத்தத்துக்கு வேறு பொருள் தந்தார்கள்: மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் அலைவு ஒரு எல்லையைத் தாண்டும்போது அசைவு வருகிறது, பின்னோக்கிச் சராசரி எடுத்துப் பார்க்கும்போது அது முன்கூட்டிய முடிவு போலத் தெரிகிறது. விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று படுகிறது. கை அசைப்பது அரை விநாடிக் காரியம். காப்பை அடகு வைப்பது அப்படியா? அலுமாரியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்கவேண்டும். மனைவி கிணற்றடிக்குப் போகும் வரை காத்திருக்கவேண்டும். காப்பைச் சட்டைப் பையில் போட்டால் புடைத்துத் தெரியும், ஆகவே கைலேஞ்சியில் சுற்றவேண்டும். பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, கடையில் முறை வரும்வரை வாங்கில் இருந்து, தராசில் வைப்பதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, துண்டைப் பத்திரமாக மடித்து வைக்கவேண்டும். இவ்வளவு தூரத்துக்கும் அரை விநாடிகளை அடுக்கிக்கொண்டு போனாலும், இடையில் திரும்பி வர எத்தனை பஸ் நிறுத்தங்கள் இருந்தன என்றுதான் நான் கேட்பேன்.

மதுவுக்கு அடிமைப்பட்டவருக்கு அந்த நிறுத்தங்கள் கண்ணில் படாது என்று மருத்துவத் தாதியான ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அவருக்குச் சிகிச்சை வேண்டும். அவளுக்குக் காப்பு வேண்டும். ஒன்று மற்றதைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.

நவம்பர் 5

மேலே எழுதியதோடு சேர்த்து: நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. தத்துவவாதிகள் முடிவுக்கு வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. பொறுப்பைப் படிப்படியாக வைத்திருக்கிறது. முன்பு எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது என்றிருந்தது, 2018இல் அதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்க்கவேண்டும். புத்தி பேதலித்தவருக்கு விலக்கு உண்டு. தானாகக் குடித்து மயங்கியவருக்கு அந்த விலக்கு இல்லை. முழுச் சுதந்திரம் அல்லது முழு விதி என்று மேடையில் பேசுகிறவர்களைவிட அந்தப் பழைய சட்டத்துக்கு மனிதரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 9

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செய்பவன் இல்லாத செயலைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு. என் பெரியப்பா தெய்வம் ஆடுகிறவர். உடுக்கும் பறையும் ஏற ஏற அவர் கண்ணில் எங்களைத் தெரிந்த பெரியப்பா இருக்கமாட்டார். வாக்குச் சொல்வார். முடிந்ததும் தண்ணீர் தெளித்து மண்ணில் இருத்துவார்கள். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. அந்த வாக்குக்காக அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

ஒரு வருடம் ஆட்டத்தில் அவர் கையிலிருந்த பிரம்பு, முன்வரிசையில் நின்ற ஒரு இளைஞனின் கன்னத்தில் பட்டுக் கிழித்துவிட்டது. அம்மன் தொட்டாள் என்று கூட்டம் கும்பிட்டது. கோயில் நிருவாகியான வண்ணக்கரும் அதையே சொன்னார். மறுநாள் காலையில் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வெற்றிலைத் தட்டு, மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் பணம். இளைஞனின் தாய் பதறிப்போய், "அண்ணன், அது நீங்கள் இல்லையே, அம்மன் அல்லவா" என்றார். பெரியப்பா, "நான் அடிக்கவில்லை தங்கச்சி, என் கையால்தான் அடிபட்டது" என்று தட்டை நீட்டினார்.

அந்தத் தாய் பணத்தை வாங்கவில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பெரியப்பா ஒரு வேதாந்தப் புத்தகமும் வாசித்தவரில்லை. ஆனால் நவம்பர் 1ஆம் திகதி நான் தடுமாறிச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள்: "நீங்கள் செய்யவில்லை" என்று சொன்னது அடிபட்டவரின் தாய். அவர் சொன்னால் அது மன்னிப்பு. பெரியப்பா தன் வாயால் சொல்லி அத்தோடு நின்றிருந்தால் அது வேறு.

நவம்பர் 12

தீபாவளி. பட்டாசுச் சத்தத்தில் நாய் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறது. எல்லோருக்கும் வாழ்த்து.

மருதமுனை நண்பர் வாழ்த்தோடு ஒரு கேள்வியும் வைத்திருக்கிறார். "எங்களிடமும் கத்ர், அதாவது இறைவிதி, பற்றிய இந்த இழுபறி உண்டு. எல்லாம் இறைவன் விதித்தது என்று சொல்லிவிட்டு ஒட்டகத்தை அவிழ்த்து விடலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு இறைவனை நம்பு என்று நபிகள் சொன்ன ஹதீஸ் இருக்கிறது. உங்கள் மாட்டுக்காரருக்கு அதைச் சொன்னீர்களா?" சொல்லவில்லை. அடுத்த முறை சொல்கிறேன்.

நவம்பர் 19

களுவாஞ்சிகுடிப் பெரியவர் ஒருவர் கண்டிப்போடு எழுதியிருக்கிறார். சைவப் பூமியில் இருந்துகொண்டு எல்லோரும் சங்கரரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் எங்கே போனார் என்று. நியாயமான கண்டிப்பு.

சைவ சித்தாந்தத்தில் உயிர் வேறு, சிவன் வேறு, ஆனால் பிரிந்து நிற்பதில்லை. வினை சடம், அறிவில்லாத பொருள், அது தானாக வந்து செய்தவனைக் கண்டுபிடிக்காது, அதைக் கூட்டுவிப்பவன் இறைவன். ஆகவே பொறுப்பை எங்கே வைப்பது என்ற திண்டாட்டம் அங்கே இல்லை, உயிரில்தான். ஆனாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்துக்கு வந்தால், அங்கேயும் "என் செயல்" என்பது கழன்றுவிடுகிறது. கழலும் இடத்தைப் பாருங்கள்: இறைவனோடு ஏகனாகி இறைபணியில் நிற்கும்போது. பணி இருக்கிறது, பணி செய்கிறேன் என்ற இறுமாப்புப் போகிறது. நமக்கு வேண்டியதோ பணி போய் இறுமாப்பு மட்டும் இருக்கிற வழி.

விபுலானந்த அடிகளை இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுவார்கள். காரைதீவில் சைவச் சூழலில் 1892இல் பிறந்தவர், 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு வாங்கியவர். அந்தச் சங்கத்தின் கொள்கை வேதாந்தம். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? பள்ளிக்கூடங்களை நடத்தினார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். எல்லாம் ஒன்று என்று நம்பியவர் ஏழைப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி "அதுவும் மாயை" என்று சொல்லிக் கைகழுவவில்லை. களுவாஞ்சிகுடிப் பெரியவரும் நானும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகிறோம். மற்ற எல்லாவற்றிலும் அவர் என்னைவிட நன்றாக வாசித்தவர், என்னைவிட மோசமான கோபக்காரர்.

டிசம்பர் 2

"தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று ஒருவர் எழுதிவிட்டு விவாதம் முடிந்தது என்கிறார். புறநானூற்று 192ஆம் பாட்டை இன்னும் சில வரி வாசிக்கச் சொல்கிறேன். அங்கேயே, மலையிலிருந்து இறங்கும் பேராற்று நீரோடு அடிபட்டுப் போகும் மிதவை போல உயிர் முறைவழியே போகும் என்றும் வருகிறது. நன்மை தீமைக்கு நீயே பொறுப்பு என்றவரும் எல்லாம் முறைவழி என்றவரும் ஒரே கணியன் பூங்குன்றனார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தண்டனையைப் பற்றியதே இல்லை. பெரியோரை வியக்கமாட்டோம், சிறியோரை இகழவே மாட்டோம் என்கிறார். எனக்கு இதுவே போதும் போலிருக்கிறது, ஆனால் சபையில் பத்திரம் எழுத உதவாது.

டிசம்பர் 3

ரமணர் 1898இல் தாய்க்கு எழுதிக்கொடுத்த குறிப்பை அனுப்பியவருக்கு: தெரியும். நடவாதது என்ன முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, மௌனமாய் இருப்பதே நன்று. மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வா என்று அழுதுகொண்டு மலையடிவாரத்தில் நின்ற அழகம்மாளின் பக்கமாக நின்றும் அந்தக் குறிப்பை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடைசியில் அவர் மகனோடேயே வந்து தங்கினார், 1922இல் அங்கேயே காலமானார். குறிப்பை எழுதிய மகன் தாயின் கடைசி நாளில் பக்கத்தில் இருந்து கைவைத்துப் பார்த்துக்கொண்டார். குறிப்பை மட்டும் அனுப்புகிறவர்கள் அந்தக் கையைச் சேர்த்து அனுப்புவதில்லை.

டிசம்பர் 26

திருவெம்பாவைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இன்று எந்த நாள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு சில மாதங்கள் "கர்மவினை" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு நகர்ந்தது, அலை வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே நிரையில் அடிபட்ட கரை இது. பாதுகாப்பான ஊர்களிலிருந்து வந்த சிலர், முகாமில் இருந்தவர்களிடம் முற்பிறவி பேசினார்கள். தன் துன்பத்துக்கு ஒருவர் வினை என்று சொல்லி ஆறுதல் தேடலாம். அடுத்தவரின் பிணத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நான் எழுதவந்தது வேறு. நாவலடிப் பக்கத்தவர் ஒருவர், அந்தக் காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். கை விட்டுப்போனது. பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் கடைத் திண்ணையில் இருந்தபோது நான் பெரிய மனிதத்தனமாக, "உங்கள் கையில் என்ன இருந்தது, எல்லாம் அலை செய்தது" என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அலை அலையின் வேலையைச் செய்தது. விட்ட கை என்னுடையது. அதை என்னிடமிருந்து எடுக்காதீர்கள்."

ஒக்டோபரில் நான் போட்ட கணக்கு, கோபம் போகலாம், கடன் நிற்கும் என்பது. இவருக்கு யார் மேலும் கோபமில்லை. திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை. அவர் மேல் பிழை சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பொறுப்பைக் கீழே வைக்க மறுக்கிறார், ஏனென்றால் பிள்ளையோடு அவருக்கு மிஞ்சியிருக்கும் உறவு அதுதான். "செய்பவன் இல்லை" என்று சொல்லி அவரை விடுவிப்பது அவருக்குச் செய்யும் உபகாரமா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணக்குக்குள் இவர் அடங்கவில்லை, அடக்கிக் காட்டவும் எனக்கு மனமில்லை.

2024 ஜனவரி 6

இளைய வாசகர் ஒருவர்: "அப்படியானால் இந்தத் தத்துவத்தால் நடைமுறையில் எதுதான் மாறவேண்டும் என்கிறீர்கள்?"

தூக்குத் தண்டனை. இலங்கையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976இல். நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பதை நிறுத்தவில்லை. 2019இல் அப்போதைய ஜனாதிபதி நான்கு பேரின் தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. குற்றவாளியை மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்கக் காரணம் உண்டு, சிறையை நான் மறுக்கவில்லை. "இவன் வேதனைப்பட்டே ஆகவேண்டும், அதற்குத் தகுதியானவன்" என்ற அந்த ஒரு வாதத்துக்குத்தான் அடியில் தனித்து நிற்கும் ஒரு செய்பவன் தேவைப்படுகிறான். அப்படி ஒருவன் இல்லை என்று அத்வைதி சொன்னால், அவர் முதலில் அந்தக் கயிற்றுக்கு எதிராகப் பேசியிருக்கவேண்டும். பேசியவர்களை நான் அதிகம் கேட்டதில்லை. மச்சானின் குடிக்கு வக்காலத்து வாங்கவே அந்தத் தத்துவம் முதலில் வெளியே வருகிறது.

ஜனவரி 14

அம்பாறை நகரத்துச் சிங்கள நண்பர் ஒருவர், அவரும் ஒரு மத்தியஸ்தர், இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்களுக்கு ஆன்மாவே இல்லை, நாங்கள் எப்போதோ தீர்த்துவிட்டோம்" என்றார். மிலிந்தன் என்ற அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடல். ஒருவன் அடுத்தவனின் மாங்காயைத் திருடிவிட்டு, "அவன் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்" என்று அரசன் முன் வாதாடினால் விடுவிப்பாயா என்று பிக்கு கேட்கிறார். மாட்டேன், பின்னது முன்னதிலிருந்து வந்ததுதானே, அவனுக்குத் தண்டனை உண்டு என்கிறான் மிலிந்தன். நிலையான ஆள் ஒருவன் இல்லாமலேயே வினை தொடர்கிறது என்பது பிக்குவின் கருத்து.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் தண்டனையை விட்டுவிட்டு மாங்காயின் விலையைக் கட்டச் சொல்லியிருப்பேன் என்றேன். நண்பர் ஒப்பவில்லை. "விலையைக் கட்டிவிட்டு நாளைக்கும் பறிப்பான். காசுள்ளவனுக்கு உங்கள் சபை ஒரு மாங்காய்க் கடை." இதற்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன், இரண்டாம் முறை வந்தால் தோட்டக்காரருக்கு வேலி கட்டிக் கொடுக்கச் சொல்வோம், கூலி இல்லாமல், அவர் திருப்தியென்று சொல்லும் வரை. மூன்றாம் முறை என்றால் என்று கேட்டார். மூன்றாம் முறை எங்களுக்கு அதிகாரம் இல்லை, நீதிமன்றத்துக்குப் போகட்டும். "அங்கே செய்பவன் இருப்பானா?" என்றார். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கிறவன் எப்படியும் ஒருவன் இருப்பான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.